பழைய விளையாட்டுப் பெட்டி: தூக்கி எறிந்துவிடாதீர்கள்!

ஜப்பான் நாட்டில் ஒரு கம்பெனி. அதன் பெயர் நின்டெண்டோ.

1889-ம் ஆண்டு கியோட்டோ நகரில் அது தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் அது சீட்டுக்கட்டு தயாரித்தது. ஒவ்வொரு சீட்டிலும் பூப்படம் போட்டிருக்கும்.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 1989 ஏப்ரல் 21-ந் தேதி, அதே கம்பெனி ஒரு சிறிய பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் "கேம் பாய்". கையில் பிடித்துக்கொண்டு விளையாடலாம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறலாம்.

விலை 12,500 யென்.

பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். திரையில் வண்ணம் இல்லை. வெளிர்பச்சை, கரும்பச்சை என்று நான்கே சாயல்கள். திரைக்கு விளக்கும் இல்லை. இருட்டில் விளையாட முடியாது. அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 144 புள்ளி. அவ்வளவுதான் திரை.

போட்டிக் கம்பெனிகள் வண்ணத் திரை வைத்துப் பெட்டி விற்றன. அந்தப் பெட்டிகளுக்கு ஆறு பேட்டரி வேண்டும். சில மணி நேரத்தில் ஆறும் தீர்ந்துவிடும்.

கேம் பாய்க்கு நான்கு பேட்டரி போதும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அதே பேட்டரிதான். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

யார் ஜெயித்தார்கள்? கேம் பாய்தான்! பின்னால் 1998-ல் வந்த வண்ணக் கேம் பாயையும் சேர்த்து 11 கோடியே 86 லட்சம் பெட்டிகள் விற்றன.

மெஷின் ரிப்பேர் பார்த்தவர்

இந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்தவர் குன்பே யோக்காய். 1965-ல் அவர் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை? சீட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலை.

ஓய்வு நேரத்தில் அவர் ஒரு பொம்மைக் கை செய்தார். பிடியை அழுத்தினால் கை நீளும். தூரத்தில் இருக்கும் பொருளைப் பற்றி எடுக்கும். கம்பெனித் தலைவர் அதைப் பார்த்துவிட்டார். வேலை நேரத்தில் விளையாட்டா என்று கோபிக்கவில்லை. "இதையே விற்பனைக்குச் செய்" என்றார். பொம்மை நன்றாக விற்றது. யோக்காய் பொம்மைப் பிரிவுக்கு மாறினார்.

அவருடைய கொள்கை வேடிக்கையானது. புத்தம்புதிய சாமானைத் தேடி ஓடாதே. பழகிப்போன, விலை மலிந்த சாமானை எடு. அதைப் புது வழியில் பயன்படுத்து. இதுதான் கொள்கை. கால்குலேட்டர்கள் பெருகி அவற்றின் திரை விலை மலிந்திருந்தது. அந்தத் திரையை வைத்தே 1980-ல் அவர் முதல் கையடக்க விளையாட்டைச் செய்தார். அந்த வழியில் வந்ததுதான் கேம் பாய். சடோரு ஒக்காடா என்ற என்ஜினீயரும் அவருடைய குழுவினரும் கூட இருந்து உழைத்தார்கள்.

1997-ல் ஒரு சாலை விபத்தில் யோக்காய் இறந்தார். அவர் செய்த பெட்டி இன்னும் ஓடுகிறது.

வளைகுடாப் போரின்போது ஒரு கேம் பாய் குண்டுவீச்சில் சிக்கியது. மேல்பாகம் உருகிக் கருகிப்போனது. அதை நின்டெண்டோ கம்பெனிக்கு அனுப்பினார்கள். அது மறுபடியும் ஓடியது! பல ஆண்டுகள் அந்தக் கருகிய பெட்டி நியூயார்க் நகரக் கடையில் கண்ணாடிக்குள் இருந்தது. திரையில் விளையாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

1993-ல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாந்தர் செரிப்ரோவ் ஒரு கேம் பாயை "மிர்" விண்வெளி நிலையத்துக்கே எடுத்துச் சென்றார்.

அப்படிப்பட்ட பெட்டிக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. பெட்டிக்கு என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதற்குள் போடும் விளையாட்டுகளுக்குத்தான் ஆபத்து.

கேசட்டுக்குள் என்ன இருக்கிறது?

கேம் பாயின் முதுகில் ஒரு பொந்து உண்டு. அதில் ஒரு பிளாஸ்டிக் வில்லையைச் செருக வேண்டும். கார்ட்ரிட்ஜ் என்பது அதன் பெயர். கடையில் "கேசட்" என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு கேசட்டில் ஒரு விளையாட்டு.

அதைத் திறந்து பார்த்தால் பச்சை நிறத்தில் ஒரு பலகை இருக்கும். பலகைமேல் கறுப்பாகச் சில சில்லுகள். ஒரு சில்லில் விளையாட்டு இருக்கிறது. அது கல்வெட்டு மாதிரி. தொழிற்சாலையில் பதித்ததுதான். அழிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. மின்சாரம் இல்லாவிட்டாலும் அது அப்படியே இருக்கும்.

இன்னொரு சில்லு சிலேட்டு மாதிரி. விளையாடுகிறவர் எங்கே நிறுத்தினார், எவ்வளவு சம்பாதித்தார், யாரை ஜெயித்தார் என்ற கணக்கெல்லாம் அதில் எழுதப்படும். இந்தச் சிலேட்டுக்கு எப்போதும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் எழுத்து அழிந்துவிடும்.

பெட்டியை அணைத்துவிட்டால் மின்சாரம் எங்கிருந்து வரும்? அதற்காகத்தான் கேசட்டுக்குள்ளேயே ஒரு பேட்டரி வைத்தார்கள். காசு மாதிரி வட்டமாக இருக்கும். கார் சாவியில் போடுகிறார்களே, அந்த வகை.

அந்தப் பேட்டரி வைத்து முப்பது வருடம் ஆகிறது. ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டு வருகிறது.

எல்லாக் கேசட்டிலும் பேட்டரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். "டெட்ரிஸ்" என்ற விளையாட்டு உலகப் புகழ் பெற்றது. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குவதுதான் விளையாட்டு. மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்பவர் உருவாக்கியது. அந்தக் கேசட்டில் பேட்டரி கிடையாது. அணைத்தால் மார்க் போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஆடவேண்டியதுதான்.

அந்த டெட்ரிஸ் விளையாட்டின் மொத்த அளவு 32 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோ அதைப்போல நூறு மடங்கு இடத்தை அடைக்கும். உலகத்தையே கட்டிப்போட்ட விளையாட்டு, ஒரு போட்டோவில் நூறில் ஒரு பங்கு!

நண்பன் பெயர் அழிந்துபோகும்

1996 பிப்ரவரி 27-ந் தேதி ஜப்பானில் "போக்கிமான்" என்ற விளையாட்டு வெளிவந்தது. அதை உருவாக்கியவர் சதோஷி தஜிரி. சிறுவயதில் அவர் வயலிலும் குளக்கரையிலும் பூச்சி பிடித்து விளையாடியவர். ஊர் பெரிதானது. வயல் போய்க் கட்டிடம் வந்தது. பூச்சி பிடிக்கும் சந்தோஷத்தை அடுத்த தலைமுறைக் குழந்தைகளுக்கும் கொடுக்க நினைத்தார்.

போக்கிமான் விளையாட்டில் 151 பிராணிகள். சிவப்பு, பச்சை என்று இரண்டு விதமாகக் கேசட் விற்றார்கள். சிவப்பில் கிடைக்கும் சில பிராணிகள் பச்சையில் கிடைக்காது. பச்சையில் இருப்பவை சில சிவப்பில் இருக்காது. எல்லாம் வேண்டுமென்றால் என்ன செய்வது? நண்பனைத் தேடிப் போகவேண்டும். இரண்டு பெட்டியையும் ஒரு வயரால் இணைக்கவேண்டும். பண்டமாற்று செய்துகொள்ளவேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பண்டமாற்றில் வந்த பிராணியோடு அதை முதலில் பிடித்தவன் பெயரும் சேர்ந்து வரும். அந்தப் பெயர் மாறாது. பத்து வயதில் பக்கத்து வீட்டுப் பையன் கொடுத்த பிராணியில், அந்தப் பையன் தன் கையால் அடித்த பெயர் இன்றைக்கும் இருக்கும்.

அதுவரையில்தான் — பேட்டரி இருக்கிற வரையில்.

அந்தக் குழந்தைகளுக்கு இப்போது நாற்பது வயது. அவர்கள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். அப்பா பரணில் இருந்து பழைய கேசட்டை எடுக்கிறார். "பாருடா, நான் உன் வயசில் விளையாடியது" என்று போடுகிறார். "புதிய ஆட்டம்" என்ற ஒரே வரிதான் திரையில் வருகிறது. "தொடர்க" என்ற வரி இல்லை. பல நூறு மணி நேர ஆட்டம் போய்விட்டது. எந்தக் கடையிலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

1999-ல் வந்த "தங்கம்", "வெள்ளி" கேசட்டுகளின் நிலை இன்னும் மோசம். அவற்றுக்குள் ஒரு கடிகாரமும் உண்டு. வெளியே இரவானால் விளையாட்டிலும் இரவாகும். குழந்தைகள் மகிழ்ந்துபோனார்கள். ஆனால் கடிகாரம் இரவும் பகலும் பேட்டரியைக் குடித்தது. 1996 கேசட்டு சில இன்னும் உயிரோடு இருக்க, அதற்குப் பின்னால் வந்த 1999 கேசட்டுகள் முந்திக்கொண்டு போய்விட்டன.

பேட்டரியை மாற்றினால் போதாதா?

போதாது. பேட்டரியைக் கழற்றிய அந்த நொடியே எழுத்து அழிந்துவிடும். பலர் இதை அறியாமல் கெட்டுப்போகிறார்கள். முதலில் புது பேட்டரி வாங்குகிறார்கள். கேசட்டைப் பிரிக்கிறார்கள். பழையதைப் பிடுங்குகிறார்கள். எல்லாம் முடிந்தது!

முதலில் எழுத்தைப் படி எடுக்கவேண்டும். அப்புறம்தான் பேட்டரி.

படி எடுப்பதற்கு ஒரு சிறு கருவி விற்கிறது. கேசட் ரீடர் என்று பெயர். ஒரு பக்கம் கேசட்டைச் செருகவேண்டும். மறு பக்கம் கம்ப்யூட்டரில் சேரும். கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டர் ஒரு ஃபைலாக எழுதிக்கொள்ளும்.

செருகுவதற்கு முன்னால் கேசட்டின் பற்களைத் துடைக்கவேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். மருந்துக் கடையிலேயே கிடைக்கும். வாயால் "ஃபூ" என்று ஊதுவது உலகம் முழுவதும் உள்ள பழக்கம். அது தப்பு. ஊதும்போது எச்சில் ஈரம் பட்டுப் பற்கள் துருவேறும். ஊத வேண்டாம் என்று கம்பெனியே சொன்னது. எந்தக் குழந்தை கேட்டது?

ஒரு கேசட்டில் இருந்து இரண்டு ஃபைல் எடுக்கவேண்டும். ஒன்று விளையாட்டு. மற்றொன்று சிலேட்டில் எழுதிய கணக்கு. இதற்கு "சேவ்" என்று பெயர். விளையாட்டு ஃபைல் போனாலும் உலகில் வேறு யாரிடமாவது அதே கேசட் இருக்கும். சேவ் ஃபைல் அப்படி இல்லை. உலகத்தில் அது ஒன்றுதான். அதனால் சேவை முதலில் எடுக்கவேண்டும்.

இரண்டையும் எடுத்தபிறகு பேட்டரி மாற்றலாம். கேசட்டின் திருகாணி சாதாரணத் திருப்புளிக்கு மசியாது. அதற்கென்றே ஒரு திருப்புளி உண்டு. பேட்டரியைச் சால்டரிங் செய்து பற்றவைக்க வேண்டும். வெறும் பேட்டரிமேல் நேராகச் சூடு வைக்கக் கூடாது. கம்பித் தகடு பொருத்திய பேட்டரியாகவே வாங்கவேண்டும். கை பழகாதவர்கள் ரேடியோ, செல்போன் ரிப்பேர் பார்க்கும் கடையில் கொடுப்பது நல்லது. மாற்றியபின் சேவை மறுபடி கேசட்டுக்குள் எழுதிவிடலாம். பக்கத்து வீட்டுப் பையன் பெயர் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

படி சரியா, தப்பா?

எடுத்த படி சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு பல்லில் தூசி இருந்தாலும் படியில் பிழை விழும். விளையாட்டு தொடங்கும், நன்றாகவே ஓடும். பத்தாவது மணி நேரத்தில் திடீரென்று நின்றுபோகும்.

கேம் பாய் கேசட்டைச் செய்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மளிகைக் கடைச் சிட்டையைப் பாருங்கள். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு என்று எழுதிக் கடைசியில் கூட்டுத்தொகை போடுவார்கள். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் தொகை ஒத்துவரவேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு.

கேசட்டுக்குள்ளும் இப்படி ஒரு கூட்டுத்தொகை பதிந்திருக்கிறது. விளையாட்டில் உள்ள எண்களையெல்லாம் கூட்டி அதன் கடைசிப் பகுதியை எழுதி வைத்திருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், கேம் பாய் பெட்டி இந்தத் தொகையைச் சரிபார்ப்பதே இல்லை! தலைப்பகுதியில் உள்ள ஒரு சின்னத் தொகையையும் கம்பெனி முத்திரையையும் மட்டும் பார்த்துவிட்டு விளையாட்டைத் தொடங்கிவிடும். பெட்டி கவனிக்காமல் விட்ட பெரிய தொகைதான் முப்பது வருடம் கழித்துப் பாதுகாப்பவர்களுக்குக் கைகொடுக்கிறது. ரீடர் கருவி ஃபைலைக் கூட்டிப் பார்த்து "ஒத்திருக்கிறது" அல்லது "ஒத்துவரவில்லை" என்று சொல்லிவிடும்.

ஒத்துவராவிட்டால் பற்களை மறுபடி துடைத்து, மறுபடி எடுக்கவேண்டும். சேவ் ஃபைலுக்கு இந்த வசதி கிடையாது. அதை இரண்டு தடவை எடுத்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஆர்வலர்கள் இதைவிடப் பெரிய வேலை செய்திருக்கிறார்கள். வெளிவந்த ஒவ்வொரு விளையாட்டுக்கும், எந்த நாட்டுப் பதிப்பு, எத்தனையாவது திருத்தம், அதன் சரிபார்ப்பு எண் என்ன என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். "நோ-இன்ட்ரோ" என்று அந்தக் குழுவுக்குப் பெயர். யாரும் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. வீட்டில் எடுத்த படியை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெயர் வைப்பதில் இருக்கிறது சூட்சுமம்

கேசட்டுகளைப் படி எடுத்தாகிவிட்டது. ஐம்பது ஃபைல் சேர்ந்துவிட்டது. இனிமேல்தான் குழப்பம் தொடங்குகிறது.

பல வீடுகளில் ஃபைல்களுக்கு வைக்கும் பெயரைப் பார்க்கவேண்டும்! "புதுசு", "புதுசு 2", "கடைசி", "உண்மையான கடைசி". ஆறு மாதம் கழித்து வைத்தவருக்கே விளங்காது. சமையலறையில் எல்லா டப்பாவுக்கும் "பொடி" என்று சீட்டு ஒட்டியது போல!

பெயரில் மூன்று விஷயம் இருக்கவேண்டும். விளையாட்டின் முழுப் பெயர், எந்த நாட்டுப் பதிப்பு, எத்தனையாவது திருத்தம். நாடு ஏன் வேண்டும்? போக்கிமான் சிவப்பின் ஜப்பான் பதிப்பும் அமெரிக்கப் பதிப்பும் பெயரில்தான் ஒன்று. ஜப்பான் சேவை அமெரிக்க விளையாட்டில் போட்டால் சேராது. கெட்டுப்போகும்.

சேவ் ஃபைலுக்கும் விளையாட்டு ஃபைலுக்கும் ஒரே பெயர் இருக்கவேண்டும். பின்னொட்டு மட்டும்தான் வேறு. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கருவி சேவைக் கண்டுபிடிக்காது. "புதிய ஆட்டம்" என்று காட்டும். சேவ் அழிந்துவிட்டது என்று நினைத்து அழுதவர்கள் உண்டு. அது அழியவில்லை. பெயர்தான் பொருந்தவில்லை.

ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் ஒரு ஃபோல்டர் வேண்டும். கேம் பாய்க்கு ஒன்று. வண்ணக் கேம் பாய்க்கு ஒன்று. 2001-ல் வந்த கேம் பாய் அட்வான்ஸுக்கு ஒன்று. சேவ் ஃபைல்களுக்குத் தனியாக ஒரு படி. அதோடு ஒரு சின்னக் குறிப்பும் எழுதி வைக்கலாம். இந்தக் கேசட் யாருடையது, எந்தத் தேதியில் படி எடுத்தது, பேட்டரி எப்போது மாற்றியது. நான்கு வரி போதும். பேரன் எடுத்துப் பார்க்கும்போது அந்த நான்கு வரிதான் பேசும்.

இன்னொரு விஷயம். இப்போது பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்கென்றே புதிய கையடக்கப் பெட்டிகள் விற்கின்றன. பல சீனாவில் செய்தவை. கைபேசியிலும் ஓட்டலாம். 2024 ஏப்ரலில் ஆப்பிள் கம்பெனியும் இத்தகைய செயலிகளைத் தன் கடையில் அனுமதித்தது. இவற்றில் "ஸ்டேட்" என்று ஒரு வசதி இருக்கிறது. எந்த நொடியிலும் ஆட்டத்தை அப்படியே உறைய வைக்கலாம். வசதிதான். ஆனால் நம்பக் கூடாது. செயலி புதுப்பிக்கப்பட்டால் பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் "சேவ்" எல்லாக் கருவியிலும் திறக்கும். நிறுத்தும்போது இரண்டையும் செய்வதே புத்திசாலித்தனம்.

மெமரி கார்டை நம்பலாமா?

புதிய பெட்டியோடு ஒரு மெமரி கார்டு கொடுக்கிறார்கள். விரல் நகம் அளவுதான் இருக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேம் பாய் விளையாட்டுகள் அத்தனையும் அதில் அடங்கிவிடும்.

அப்படிக் கொடுக்கும் கார்டு பெரும்பாலும் பெயரில்லாத மலிவு கார்டு. சீக்கிரம் கெட்டுப்போகும். பெட்டியை வாங்கியவுடன் நல்ல கம்பெனிக் கார்டு ஒன்று வாங்கி அதற்கு மாற்றிவிடுவது நல்லது. அதிலும் போலி உண்டு. 128 ஜிகாபைட் என்று மேலே அச்சடித்திருக்கும். உள்ளே அதில் கால்வாசிகூட இருக்காது. நிரம்பியபிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும். வாங்கியவுடன் கார்டு முழுவதும் எழுதிப் பார்த்துச் சோதிக்கும் இலவச செயலிகள் இருக்கின்றன.

நல்ல கார்டும் நிரந்தரம் அல்ல. அது மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துத்தான் ஃபைலைக் காப்பாற்றுகிறது. பல வருடம் மேசை அறையில் சும்மா கிடந்தால் மின்னூட்டம் கசிந்துவிடும். பழைய ஏட்டுச்சுவடியைப் புது ஏட்டில் பெயர்த்து எழுதாவிட்டால் செல் அரித்துவிடும் என்று நம் முன்னோருக்குத் தெரியும். இதுவும் அதே கதைதான்.

மூன்று படி வேண்டும் என்பது இந்தத் துறையில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. ஒன்று கார்டில். ஒன்று கம்ப்யூட்டரில் அல்லது தனி டிஸ்க்கில். ஒன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டில், அல்லது இணையக் கிடங்கில். வீட்டில் தண்ணீர் புகுந்தாலும் ஒன்று மிஞ்சும்.

இது திருட்டா?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

விளையாட்டை உருவாக்கியவருக்கு உரிமை உண்டு. அடுத்தவர் உழைப்பை இணையத்தில் கொட்டி, அதன் பக்கத்தில் விளம்பரம் போட்டுக் காசு பார்ப்பது திருட்டுத்தான். 2018-ல் அமெரிக்காவில் அப்படி நடத்திய ஒரு தளத்தின் மேல் நின்டெண்டோ வழக்குப் போட்டது. 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு என்று தீர்ப்பானது. ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை நிரப்பி விற்கப்படும் கார்டுகளும் இதே ரகம்தான். மலிவு என்று வாங்குகிறவர்கள் இதை அறிந்துகொள்ளவேண்டும்.

சொந்தக் காசு கொடுத்து வாங்கிய கேசட்டைப் பாதுகாப்புக்காகப் படி எடுப்பது வேறு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 117-வது பிரிவு, கம்ப்யூட்டர் புரோகிராமின் சொந்தக்காரர் காப்புப் படி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. கேசட்டை விற்றுவிட்டால் அந்தப் படியை வைத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பிரிவு விளையாட்டுக் கேசட்டுக்குப் பொருந்துமா என்பதில் கம்பெனிகளுக்குச் சம்மதம் இல்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் நியாயம் எந்தப் பக்கம்? அப்பா வாங்கிக் கொடுத்த கேசட்டில் மகள் எழுதிய கணக்கை மகள் காப்பாற்றுவது திருட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கடையில் இல்லை, நூலகத்திலும் இல்லை

"பழையதைக் காப்பாற்றுவானேன்? கடையில் வாங்கிக்கொள்ளலாமே" என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

2023 ஜூலையில் "வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்" என்ற அமெரிக்க அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் எத்தனை இன்றைக்குக் கடையில் கிடைக்கிறது? நூற்றுக்கு 13! மீதி 87 விளையாட்டுகளைப் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. பழைய கேசட்டைத் தேடிப் பிடிக்கவேண்டும். அல்லது திருட்டுப் படிதான். அல்லது அது இருக்கும் காட்சிசாலைக்கு நேரில் போகவேண்டும்.

அதே ஆண்டு மார்ச் 27-ந் தேதி நின்டெண்டோ தன்னுடைய 3டிஎஸ் கையடக்கப் பெட்டியின் இணையக் கடையை மூடியது. அந்தக் கடையில் பழைய கேம் பாய் விளையாட்டுகளும் விலைக்கு இருந்தன. கதவு சாத்தியதும் அவற்றைப் புதிதாக வாங்க வழி இல்லாமல் போனது. சில விளையாட்டுகளை இப்போது மாதச் சந்தா, வருடச் சந்தா கட்டி வேறொரு பெட்டியில் விளையாடலாம். சந்தாவை நிறுத்தினால் விளையாட்டும் நின்றுவிடும். முன்பு விளையாட்டை விற்றார்கள். இப்போது வாடகைக்கு விடுகிறார்கள்.

கம்பெனிகள் தங்கள் பொருளை விற்காமல் இருக்க உரிமை உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. தாங்களும் விற்கமாட்டோம், நூலகத்துக்கும் வழிவிடமாட்டோம் என்றால் அது என்ன நியாயம்? விற்காத பொருளை ஒருவர் நூலகத்தில் பார்த்தால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

பணக்காரர்கள் காப்பாற்றுவார்கள் என்று விட்டுவிடலாமா? 2021-ல் பிரிக்காத டப்பாவோடு இருந்த ஒரு பழைய மரியோ விளையாட்டு ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு மேல் போனது. வாங்கியவர் அதைப் பிரிக்கவே மாட்டார். பிரித்தால் விலை போய்விடுமே! அங்கே காப்பாற்றப்படுவது டப்பா. விளையாட்டு அல்ல.

ஜப்பான் ஒரு நல்ல காரியம் செய்தது. 2000 அக்டோபர் முதல், பெட்டியில் அடைத்து விற்கும் விளையாட்டுகளிலும் ஒரு பிரதியைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. புத்தகத்துக்கு உள்ள அதே முறை. ஆனால் கேம் பாய் பிறந்தது 1989-ல். அதற்கும் 2000-க்கும் இடையில் வந்தவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. போக்கிமான் சிவப்பும் பச்சையும் அந்த இடைவெளியில் வந்தவைதான். டோக்கியோவில் 2011-ல் தொடங்கிய "கேம் பிரிசர்வேஷன் சொசைட்டி" என்ற சங்கம் விட்டுப்போனவற்றைத் தேடிச் சேர்த்துவருகிறது.

அமெரிக்காவில் நூலகங்கள் ஒரு கோரிக்கை வைத்தன. கடையில் கிடைக்காத பழைய விளையாட்டை, நூலகத்துக்கு நேரில் வர முடியாத ஆராய்ச்சியாளருக்கு இணையம் வழியாகக் காட்ட அனுமதி வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. பழைய புத்தகத்துக்கும் பழைய சினிமாவுக்கும் தருகிற அளவு மரியாதையை விளையாட்டுக்கும் தரச் சொன்னார்கள். ஆராய்ச்சி என்ற பெயரில் ஜனங்கள் சும்மா விளையாடிவிடுவார்கள் என்று கம்பெனிகளின் சங்கம் ஆட்சேபித்தது. 2024 அக்டோபரில் பதிப்புரிமை அலுவலகம் கோரிக்கையை நிராகரித்துவிட்டது.

நாவல் படிக்கும் ஆராய்ச்சி மாணவன் அதை ரசித்துவிடக் கூடாது என்று எந்த நூலகமாவது பூட்டு போடுகிறதா?

இந்தச் சட்ட விதிகளை அமெரிக்காவில் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனை செய்கிறார்கள். அடுத்த முறை 2027-ல். அப்போதாவது கதவைத் திறக்கவேண்டும். விளையாட்டை விற்கும் எண்ணம் இல்லாத கம்பெனிகள் நூலகங்களின் குறுக்கே நிற்கக் கூடாது. அந்த விசாரணைக்குள் இன்னும் எத்தனையோ கேசட்டுகளின் பேட்டரி தீர்ந்திருக்கும். பரணில் ஒன்று கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துப் பார்க்கலாம். திரையில் "தொடர்க" என்ற வரி இன்னும் வருகிறதா என்று.